தினசரிக்கு ஒரு கூப்பே

1976இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற கார் ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ். அந்தப் பெயருக்கு முகமாக இருந்தது கட்லஸ் சுப்ரீம் என்ற இரண்டு கதவு கூப்பே. பணக்காரர் வீட்டு இரண்டாவது கார் அல்ல அது. அலுவலகம், மளிகைக் கடை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். இரண்டு கதவு என்பதை அன்று யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ரகத்தின் இன்றைய வாரிசுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்ஃபினிட்டி கியூ60 2022 மாடலோடு நின்றது. 2024இல் வந்த புதிய ஆடி ஏ5 வரிசையில் கூப்பே உடலே கிடையாது. லெக்சஸ் ஆர்.சி. 2025இல் விடைபெற்றது. சொகுசு பிராண்டு, நடுத்தர அளவு, உண்மையிலேயே இரண்டே கதவு, பின்னால் பெயருக்காவது இரண்டு இருக்கை என்று கேட்டால் ஷோரூமில் மிஞ்சியிருப்பவை பி.எம்.டபிள்யூ 4 சீரிஸும் மெர்சிடிஸ் சி.எல்.இ.யும்தான். மஸ்டாங் வேறு சாதி. அதை இங்கே சேர்க்கவில்லை.

ஆனால் பழைய கார் சந்தையில் இவை நிறையவே கிடைக்கின்றன. டொராண்டோவிலோ நியூஜெர்சியிலோ வேலை நிலைத்த கையோடு, ‘குத்தகை முடிந்து வந்த 4 சீரிஸ் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, தினசரிக்கு ஓட்டலாமா’ என்று கேட்காத தமிழ் இளைஞர் குறைவு. பதில்கள் இரண்டு திசையிலிருந்து வரும். கார் பத்திரிகைக்காரர் அதை மலைப்பாதைக்குக் கொண்டுபோய் வளைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பற்றி அரைப்பக்கம் எழுதுவார். வீட்டிலோ, ‘பின்னாடி யார் உட்காருவா?’ என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். முன்னவர் சொல்வது வார இறுதி சமாச்சாரம். பின்னவர் கேட்பது நியாயம்தான். ஆனால் முழுக்கதை அதுவல்ல.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூப்பே மீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் பாதிக்கு இன்று ஆதாரம் இல்லை. மைலேஜ், பனிக்காலம், நெரிசலில் ஓட்டும் அலுப்பு ஆகியவற்றை எஞ்சினியர்கள் ஏறக்குறையத் தீர்த்துவிட்டார்கள். தீராமல் நிற்பது அந்த உடலமைப்பிலேயே இருக்கும் சிக்கல். இன்னும் எத்தனை தலைமுறை வந்தாலும் அது தீராது.

எஞ்சினிலிருந்து தொடங்கலாம். 2008 மாடல் இன்ஃபினிட்டி ஜி37 கூப்பேயின் 3.7 லிட்டர் வி6 எஞ்சின் 330 குதிரைசக்தி தந்தது. கேட்கவும் ஓட்டவும் இனிமையான எஞ்சின். ஆனால் அதன் உச்ச டார்க் வருவது 5,200 ஆர்பிஎம்மில். சிக்னலுக்குச் சிக்னல் நகரும் சாலையில் அந்த இடத்தை எட்ட யாருக்கு வாய்க்கும்? அதே காலத்து பி.எம்.டபிள்யூ 335ஐ கூப்பேயின் இரட்டை டர்போ எஞ்சினோ 1,400 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கையும் கொடுத்துவிடும். காகிதத்தில் 300 குதிரைசக்திதான், ஆனால் தினசரி ஓட்டத்தில் அதுதான் வலுவான வண்டி. அதற்கும் ஒரு சாபம் இருந்தது. உயரழுத்த எரிபொருள் பம்ப் பழுதாகும் புகார்கள் குவிந்து, 2010இல் பி.எம்.டபிள்யூ அமெரிக்காவில் அந்த எஞ்சின் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 4 சீரிஸின் 2021 மாடல் எம்440ஐயில் இருக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின் 382 குதிரைசக்தியோடு 500 நியூட்டன் மீட்டர் டார்க்கையும் 2,000 ஆர்பிஎம்முக்குள்ளாகவே தருகிறது. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் அதைச் சலனமில்லாமல் சக்கரத்துக்குக் கடத்துகிறது. நெரிசலில் ஊர்ந்தாலும் முரட்டுத்தனம் தெரியாது. ‘ஸ்போர்ட்ஸ் கார் நகரத்துக்கு ஆகாது’ என்ற பழைய வாக்கு இங்கே பொருந்தாது.

அந்த 382ஐ எங்கே செலவழிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. நிற்கும் நிலையிலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட எம்440ஐ எக்ஸ்டிரைவுக்கு 4.3 விநாடி என்கிறது நிறுவனம். அதாவது, நெடுஞ்சாலையில் சேரும் சரிவுப் பாதை முடிவதற்குள் ஒன்டாரியோவின் வழக்கமான வேக வரம்பான 100 கிலோமீட்டர் வந்துவிடும். அந்தச் சாலையில் 150ஐத் தொட்டால் சட்டப்படி அது ‘ஸ்டண்ட் டிரைவிங்’. போலீஸ் பிடித்த இடத்திலேயே 30 நாளுக்கு லைசென்ஸ் போகும். வண்டியை 14 நாள் கட்டிவைப்பார்கள். வரம்பு 80க்குக் கீழே உள்ள சாலையில் 40 கூடுதலாகப் போனாலே இதே கதி. ஆக, சட்டத்துக்குள் ஓட்டுகிறவருக்கு இந்த எஞ்சினின் முழு வேலை சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அதே 4 சீரிஸின் 430ஐயில் உள்ள நான்கு சிலிண்டர் 255 குதிரைசக்தி அதே 60 மைலை ஐந்தரை விநாடியில் எட்டுகிறது. தினசரிக்கு அதுவே மிச்சம். ஆறு சிலிண்டர் வேண்டும் என்பவர், ஆசைக்காக வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டு வாங்கட்டும். அந்த எஞ்சினின் சத்தம் காசு கொடுக்கத் தக்கதுதான்.

பெட்ரோல் செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இந்த வண்டிகள் கேட்பது விலை கூடிய 91 ஆக்டேன். நான்கு சிலிண்டராக இருந்தால், பரவலாக ஓடும் எந்த நடுத்தர எஸ்யூவியோடும் ஒப்பிட்டு வெட்கப்பட வேண்டியதில்லை.

டயரைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். ஷோரூமில் விற்பனையாளர் வாய் திறக்காத இடமும் அதுதான். 19 இன்ச் சக்கரம் போட்ட 4 சீரிஸின் பின் டயர் 255/35 அளவு. ரிம்முக்கும் தரைக்கும் நடுவே உள்ள ரப்பர் சுவரின் உயரம், 255இல் 35 விழுக்காடு: 89 மில்லிமீட்டர். 18 இன்ச் சக்கரத்தில் வரும் 225/45 டயரில் அது 101 மில்லிமீட்டர். சாதாரண கேம்ரியின் 215/55 டயரிலோ 118. மார்ச் மாதம் பனி உருகி உறைந்து, உறைந்து உருகி டொராண்டோச் சாலைகளில் பள்ளம் பறிக்கும்போது அந்த மூன்று சென்டிமீட்டரின் அருமை புரியும். மெல்லிய டயர் பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக ரிம்மில் விழுகிறது. அலாய் ரிம் உட்பக்கம் வளையும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 100ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும்போதுதான் தெரியும்.

போதாக்குறைக்கு ரன்ஃப்ளாட். காற்று முழுக்க இறங்கினாலும் சுமார் 80 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது அதன் வாக்குறுதி. அதற்காகப் பக்கச் சுவரைக் கெட்டியாக்கியிருப்பார்கள். சின்னச் சின்ன ஒட்டுப்போட்ட சாலையில்கூட அந்தக் கெட்டித்தனம் முதுகுக்குத் தெரியும். ஸ்டெப்னி கிடையாது. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போட்ட வண்டியில், தேய்மானத்தைச் சமப்படுத்த முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடும் வழக்கமான உபாயமும் செல்லாது. அழகுக்காக வாங்கிய அந்த ஒரு இன்ச், ஒவ்வொரு டயர் பில்லிலும் திரும்பி வரும். சாலைக்கேற்ப இறுகித் தளரும் அடாப்டிவ் சஸ்பென்ஷன் இருந்தால் பெருமளவு ஈடுகட்டும், மறுக்கவில்லை. ஆனால் 18 இன்ச் சக்கரமும் சாதாரண சஸ்பென்ஷனும், 19 இன்ச் சக்கரமும் அடாப்டிவ் சஸ்பென்ஷனும் என்று இரண்டு ஜோடிகள் எதிரே இருந்தால் தினசரிக்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

பனிக்காலம் பலர் நினைக்கும் அளவுக்குப் பிரச்சினை இல்லை. எக்ஸ்டிரைவ், 4மேட்டிக், குவாட்ரோ என்று பெயர் எதுவானாலும் நான்கு சக்கர இயக்கம் இந்த ரகத்தில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது புறப்பட உதவுமே ஒழிய நிற்க உதவாது. நிறுத்துவது டயர். கோடை டயரின் ரப்பர் ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டக் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, போட்டால் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி உண்டு. பனிக்கால டயரைச் சின்ன ரிம்மில் பொருத்தி வைத்துக்கொள்ளும் அனுபவஸ்தர்களின் கூப்பே, ஜனவரியில் மென்மையாக ஓடுவதைப் பார்க்கலாம். அதன் காரணத்தை மேலேயே சொல்லியாயிற்று.

பனியில் கூப்பேக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. 4 சீரிஸ், ஏ5, சி.எல்.இ. ஆகிய வண்டிகளின் கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் போலக் கீழே இறங்கி ரப்பர் விளிம்பிலிருந்து விலகிக்கொள்ளும். மூடிய பிறகு மேலேறி அதற்குள் பதியும். முந்தின நாள் மழை பெய்து இரவில் உறைந்துவிட்டால் கண்ணாடி ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். கீழே இறங்காது. அவசரத்தில் வலுவாக இழுத்தால் ரப்பர் கிழியும். ரப்பரில் சிலிக்கோன் தடவிவைப்பதும், வீட்டிலிருந்தே வண்டியைச் சூடேற்றிவிட்டு இறங்கிப் போவதும்தான் வழி. செடான்காரர்களுக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது.

இனி அந்த உடலமைப்பின் சிக்கல். டொராண்டோ நகர விதிப்படி ஒரு பார்க்கிங் இடத்தின் குறைந்தபட்ச அகலம் 2.6 மீட்டர். 4 சீரிஸின் அகலம் 1.85 மீட்டர். பக்கத்து வண்டியும் அதே அகலம், இரண்டும் நட்ட நடுவில் நிற்கின்றன என்று வைத்துக்கொண்டால், இடையே கிடைப்பது 75 சென்டிமீட்டர். கூப்பேயின் கதவு ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அந்த 75க்குள் அது முழுதாகத் திறக்காது. செடானின் குட்டைக் கதவு அதே இடைவெளியில் ஆளை இறக்கிவிடும்; கூப்பேயிலிருந்து இறங்குகிறவர் ஒருக்களித்து, வயிற்றை எக்கி, கதவு விளிம்பு பக்கத்து வண்டியில் பட்டுவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். பிள்ளையார் சதுர்த்தியன்று ரிச்மண்ட் ஹில் கோவில் பார்க்கிங்கில் பட்டு வேட்டியோடு இதைச் செய்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இருக்கையின் உயரம் அடுத்தது. எஸ்யூவியில் ஏறுவதும் இறங்குவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மாதிரி. கூப்பேயில் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும், திரும்ப உடம்பைத் தூக்கி நிறுத்த வேண்டும். முப்பது வயதில் இது கணக்கிலேயே வராது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அம்மாவுக்கு முன் இருக்கையே சிரமம், பின் இருக்கை சாத்தியமில்லை.

பின் இருக்கையைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், இந்த ரகத்துக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு. 4 சீரிஸிலும் ஏ5இலும் ஐந்தரை அடி ஆள் ஒருவர் அரை மணி நேரம் முணுமுணுக்காமல் வருவார். சி.எல்.இ., பழைய சி கிளாஸ் கூப்பே, இ கிளாஸ் கூப்பே இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாற்றாக வந்த வண்டி, 4.85 மீட்டர் நீளம் இருப்பதால் சற்றே தாராளம். லெக்சஸ் ஆர்.சி.யில் முன்னால் உயரமானவர் உட்கார்ந்துவிட்டால் பின்னால் பை வைக்கத்தான் இடம். உள்ளே நுழைவது எல்லாவற்றிலும் ஒரே பாடு: முன் இருக்கையின் முதுகை மடக்கு, அது மெல்ல மோட்டாரில் முன்னால் நகரும்வரை மழையில் நில், பிறகு தலையைக் குனிந்து நுழை.

குழந்தை இருந்தால் இதுவே தினப்படி வேலை. இங்கே சட்டத்தின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதலில் போட்ட மாநிலம் டென்னசி, 1978இல். 1985க்குள் எல்லா மாநிலங்களும் பின்பற்றின. கட்லஸ் காலத்துக் குழந்தைகள் பின் பெஞ்சில் உருண்டு விளையாடிக்கொண்டு போனார்கள். பின்னால் கதவே இல்லாததால் குழந்தை திறந்து விழாது என்பதையே கூப்பேயின் சாதகமாகச் சொன்ன பெற்றோர்களும் உண்டு. சைல்ட் லாக் வந்து அந்த வாதத்தையும் முடித்துவைத்தது. இன்று ஒன்டாரியோவில் குழந்தைக்கு எட்டு வயது ஆகும்வரை, அல்லது உரிய எடையையோ உயரத்தையோ எட்டும்வரை, பூஸ்டர் இருக்கை கட்டாயம். கைக்குழந்தையின் இருக்கையைப் பின்னோக்கிப் பொருத்த வேண்டும். அதன் அளவு அனுமதிக்கும் காலம்வரை அப்படியே வைத்திருங்கள் என்று 2018 முதல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது. கூப்பேயின் பின்னால் அதைப் பொருத்தினால் முன் இருக்கை டேஷ்போர்டை முட்டும் அளவுக்கு முன்னே போயாக வேண்டும். கூப்பே தினசரி வாகனம் என்ற அந்தஸ்தை இழந்ததற்கு எஸ்யூவி மோகத்தைத்தான் எல்லாரும் காரணம் சொல்கிறார்கள். என் பார்வையில் இந்தச் சட்டங்களுக்கும் சமபங்கு உண்டு. உயிரைக் காத்த சட்டங்கள். அவற்றின் மேல் வருத்தப்பட எதுவுமில்லை.

டிக்கி அவ்வளவு மோசமில்லை, ஆனால் அளவுகளை ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். 4 சீரிஸுக்கு ஐரோப்பிய விவரக்குறிப்பு 440 லிட்டர் என்கிறது. அமெரிக்க விவரக்குறிப்போ 12 கன அடி, அதாவது 340 லிட்டர். டிக்கி ஒன்றுதான். ஐரோப்பியர்கள் ஒரு லிட்டர் கட்டைகளை இண்டு இடுக்கிலெல்லாம் அடுக்கி எண்ணுகிறார்கள். அமெரிக்க முறையில் பெட்டிகளை வைத்து அளக்கிறார்கள். விமான நிலையத்துக்குப் போகிறவருக்கு உதவுவது பின்னதுதான். அந்த அமெரிக்கக் கணக்கில் ஏ5 கூப்பே சுமார் 11.6 கன அடி, கியூ60 வெறும் 8.7. சென்னையிலிருந்து இருவர் வந்திறங்கினால் ஆளுக்கு இரண்டாக நான்கு பெரிய பெட்டிகள். கியூ60 வைத்திருப்பவர் பியர்சன் விமான நிலையத்தில் டாக்ஸிக்கும் சொல்லிவைப்பது நல்லது.

‘சொகுசு’ என்ற பட்டத்துக்காகச் சேர்க்கும் சில சங்கதிகளும் தினசரி ஓட்டத்தில் எதிராளியாகின்றன. லெக்சஸ் ஆர்.சி.யில் ஏசியையும் பாட்டையும் திரையில் தேட ஒரு டச்பேட் கொடுத்திருந்தார்கள். ஓடும் வண்டியில் அதில் விரல் நகர்த்தி ஒரு பொத்தானைப் பிடிப்பதற்குள் கண் சாலையைவிட்டுப் போய்விடும். மெர்சிடிஸின் புதிய ஸ்டீயரிங்கில் தொட்டாலே வேலை செய்யும் பட்டைகள். கையுறை போட்ட கைக்கும் அதற்கும் ஒத்துவராது. இன்ஃபினிட்டி, சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நேரடி இயந்திரப் பிணைப்பைத் தள்ளிவைத்து மின்கட்டளையில் திருப்பும் ஏற்பாட்டைக் கியூ50 செடானில் கொண்டுவந்து கியூ60இலும் தந்தது. துணிச்சலான முயற்சி என்று பாராட்டலாம். ஓட்டுவதற்காகவே கூப்பே வாங்குகிறவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மாறாக, மெர்சிடிஸிலும் பி.எம்.டபிள்யூவிலும் உட்கார்ந்து கதவை மூடியதும் பின்னாலிருந்து சின்னக் கை ஒன்று சீட் பெல்ட்டை நீட்டும். கூப்பேயில் பெல்ட் தோளுக்கு வெகு பின்னால் இருப்பதால் இது வேடிக்கைப் பொருள் அல்ல, ஒவ்வொரு நாளும் பயன்படுவது.

விலைக்கு வருவோம். 2021 மாடல் 330ஐ செடான் அமெரிக்காவில் 41,250 டாலரில் தொடங்கியது. 430ஐ கூப்பே 45,600இல். எஞ்சின், கியர்பாக்ஸ், திரை எல்லாம் ஒன்றே. இரண்டு கதவு குறைவுக்கு நாலாயிரம் டாலர் அதிகம். கூப்பே சற்றுத் தாழ்வாக நிற்கும், வளைவில் அந்த வித்தியாசம் கொஞ்சம் தெரியும். அதற்கு மேல் கொடுக்கும் காசு முழுக்க உருவத்துக்கு. அது வீண் காசு என்று நான் சொல்லமாட்டேன். 2007இல் வந்த முதல் ஏ5ஐத் தான் வரைந்ததிலேயே மிக அழகான கார் என்று அதன் வடிவமைப்பாளர் வால்டர் டி சில்வா சொன்னது விளம்பரப் பேச்சு மட்டும் அல்ல. பின்சக்கரத்தின் மேல் ஏறி இறங்கும் அந்தத் தோள்கோட்டை ஒருமுறை சாய்ந்த வெயிலில் பார்த்தால் போதும். நான்கு கதவு வைத்தால் அந்தக் கோடு அப்படி ஓடாது. கம்பெனிகள் 2009இல் ஏ5 ஸ்போர்ட்பேக், 2014இல் 4 சீரிஸ் கிரான் கூப்பே என்று நாலு கதவும் சரிந்த கூரையும் சேர்த்து ஒரு சமரசத்தைக் கொண்டுவந்தன. டிக்கிக்குப் பதில் பின்கண்ணாடியோடு மேலே தூக்கும் பெரிய மூடி. வீட்டில் ஒரே கார், குழந்தையும் உண்டு என்றால் வாதமே இல்லை, அதுதான் சரி. இரண்டாவது காராக ஒரு எஸ்யூவியோ வேனோ ஏற்கெனவே நிற்கிறது, அலுவலகத்துக்குத் தனியாகப் போய்வருகிறவர் என்றால் கூப்பே தினசரிக்குத் தாராளமாக ஆகும். நல்ல செடானைவிட அது குறைந்துபோவது ஓட்டுநர் இருக்கையில் அல்ல.

குத்தகை முடிந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன் டயர்களைப் பாருங்கள். நான்கும் ஒரே பிராண்டா, தயாரான வாரமும் ஆண்டும் குறித்த நான்கு இலக்கம் ஒத்துவருகிறதா என்று படியுங்கள். வண்டியைத் தூக்கி ரிம்களை உட்பக்கமிருந்து சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கதவையும் பலமுறை திறந்து மூடி, கண்ணாடி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இறங்கி ஏறுகிறதா என்று கவனியுங்கள். ரப்பர் விளிம்பில் விரலை ஓட்டிக் கிழிசல் தேடுங்கள். பெல்ட் நீட்டும் கை இரண்டு பக்கமும் வருகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியை மலைப்பாதைக்கு அல்ல, மாலை ஐந்து மணிக்கு 401 நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போங்கள். திரும்பும் வழியில், நீங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் கடையின் பார்க்கிங்கில், இரண்டு எஸ்யூவிக்கு நடுவே நிறுத்தி ஒருமுறை இறங்கிப் பாருங்கள். உங்கள் தரகர் இன்ஷூரன்ஸ் தொகையை அந்த மாடல் எண்ணுக்கே கேட்டுச் சொல்லட்டும். கனடாவில் அந்த மாடலின் கடந்தகால இழப்பீட்டுக் கணக்கைப் பார்த்தும் பிரீமியம் போடுகிறார்கள், ஆகவே 430ஐக்கும் எம்440ஐக்கும் ஒரே தொகை வரும் என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.